எந்தக் குழலில் கறை

கறுப்புக் குழலின் நடுவே ஒரு கறை தெரிந்ததில் தெய்வசிகாமணிக்கு வருத்தம் எதுவும் இல்லை. தெரியத்தானே செய்யும், அதன் அமைப்பு அப்படி, தடித்த குழலின் அடியில் வெளிச்சத்தைச் சேர்க்க ஒரு பெரிய கண்ணாடி, வாய்ப்பக்கம் அதை வாங்கிக் கண்ணுக்குத் திருப்பிவிட ஒரு சின்னக் கண்ணாடி, பகலில் பார்த்தால் அந்தச் சின்னதின் நிழல் நடுவில் சாம்பல் பூத்த மாதிரி விழும், இருட்டில் விழாது, வானம் பார்க்கிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்த சங்கதிதான், புதிதாக வருகிறவர்கள் பதறுவார்கள், அவர் பதறமாட்டார். கோயம்புத்தூரில், கல்லூரிகளுக்கு மைக்ராஸ்கோப்பும் சர்வேக்காரர்களுக்கு அளவுக் கருவிகளும் விற்கிற கடையின் மொட்டைமாடி அது. ஞாயிற்றுக்கிழமை வெயில் கொஞ்சம் இறங்கியிருந்தது. வலது கண்ணைக் குழலில் ஒட்டவைத்து, இடது கண்ணைப் பழக்கப்படி இறுக்கி மூடி, தூரத்து ஊராட்சித் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொட்டி தலைகீழாகத் தொங்கியது. அதுவும் இந்த வகைக் குழலின் குணம், நட்சத்திரத்துக்குத் தலை ஏது கால் ஏது என்பதால் யாரும் அதைக் குறை என்று சொல்வதில்லை. கடைக்காரர் சாமுவேல் கையில் மஞ்சள் துணியோடு மரியாதையான தூரத்தில் நின்றார். தகரக் கூரையின் நிழலில் வசந்தாமணி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு, கல்யாணமான நாளிலிருந்து இந்த மனுஷனோடு வந்து காத்திருக்கிற இடங்களில் இது ஒன்றும் மோசமில்லை என்பதைப் போல முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அவர் நிமிர்ந்து, அடுத்திருந்த வெள்ளைக் குழலிடம் போனார்.

வெள்ளைக் குழல் ஒல்லி, மூன்று காலில் நிற்பது, முன்னால் லென்ஸ், பின்னால் படத்தை நிமிர்த்துகிற பட்டகமும் கண்ணும், நடுவில் வழிமறிக்க ஒன்றுமில்லை. நிழல் விழுவதற்கு அதில் ஆளே கிடையாது. குனிந்தார். தொட்டி நேராக நின்றது, நல்ல கூர்மை, ஓரத்தில் தென்னை ஓலை கீற்றுக் கீற்றாகப் பிரிந்து தெரிந்தது, ஆனால் நடுவில், தொட்டியின் உச்சி இருக்கவேண்டிய இடத்தில், அதே சாம்பல் திட்டு. அதே அளவு. எச்சில் விரலால் யாரோ தொட்டுவிட்டு எடுத்த மாதிரி. இருக்கட்டும், அவசரப்படக் கூடாது, கடைச் சரக்கு, எத்தனை பேர் விரல் வைத்திருப்பார்கள், என்று நினைத்து நிமிர்ந்து, குரலில் ஒரு வாடிக்கையாளரின் அதிருப்தியை வரவழைத்துக்கொண்டு, "ஏனுங்க, இதுல அழுக்கு இருக்குதே, பாக்கறதில்லீங்களா?" என்றார். சாமுவேல் பதறிப்போய், "காலைல தொடச்சதுங்க சார்" என்று சொல்லிக்கொண்டே மறுபடியும் துடைத்தார், ஊதினார், வெயிலில் பிடித்துப் பார்த்தார். தெய்வசிகாமணி குனிந்தார். திட்டு அங்கேயே இருந்தது. அப்போது அவர் கை தானாக ஒரு காரியம் செய்தது, எத்தனையோ பேருக்கு அவரே சொல்லிக்கொடுத்த காரியம்: கண் வைக்கிற சின்ன ஐபீஸை அதன் பள்ளத்திலேயே மெதுவாகத் திருகுவது. அழுக்கு ஐபீஸில் இருந்தால் அதோடு சேர்ந்து சுற்றும். அவர் திருகினார். ஓரத்தில் ஒரு தூசி சுற்றியது, கடிகார முள் போல ஒழுங்காக. நடுத்திட்டு சுற்றவில்லை. சரி, அப்படியானால் லென்ஸில் இருக்கிறது, அல்லது குழலுக்குள், அல்லது, என்று அந்த மூன்றாவது 'அல்லது' வந்தவுடன் அவர் மனம் வாசலில் கடன்காரனின் செருப்பைக் கண்டவன் போலச் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டது.

தொட்டியை விட்டுவிட்டு அவர் பழைய தொலைநோக்கியை நினைத்தார். பாவம், நல்ல சாமான், வருஷக்கணக்காக உழைத்தது. போன தை மாசம் வியாழனைப் பார்த்தபோது அதன் மேல் ஓடுகிற இரண்டு பட்டைகளையும் காணவில்லை, வெறும் வெளுத்த அப்பளம் மாதிரி இருந்தது. பனி என்றார், பிறகு தூசி என்றார், மின்கம்ப வெளிச்சம் என்றார், கடைசியில் குழல் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி, திருப்பூர் வானம் பார்ப்போர் குழுவில் இருக்கிற ஈஸ்வரனுக்குத் தள்ளிவிட்டார். மறுவாரமே ஈஸ்வரன் போன் செய்து, "அண்ணா, பட்டை ரெண்டும் கோடு போட்டாப்ல தெரியுதுங்ணா, இதைப் போயி கெட்டுப்போச்சுன்னீங்களே" என்றான். நல்ல பையன், மனசு நோகக் கூடாது என்று சொல்கிறான் என்று அன்று நினைத்துக்கொண்டார். எதற்காக அப்படி நினைத்தார்? ஈஸ்வரன் யாருக்காகவும் பொய் சொல்கிற ஆள் இல்லை, குழுவில் அவன் வாய்க்குப் பயந்து பாதிப் பேர் ஒதுங்கி நிற்கிறார்கள், சொந்த மாமனாரிடமே சாப்பாட்டில் உப்பில்லை என்று சொல்லிவிட்டு வந்தவன். ஆனால் அன்று அவன் பொய் சொல்கிறான் என்று நம்புவது சௌகரியமாக இருந்தது, நம்பிவிட்டு, புதுக் குழல் வாங்கவேண்டும் என்று வீட்டில் ஆரம்பித்து, லென்ஸா கண்ணாடியா என்று மாதக்கணக்கில் வசந்தாமணியின் காதைக் குடைந்து, இதோ இங்கே வந்து நிற்கிறார். சாமுவேல் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், கறுப்புக் குழல் மங்கலான சமாச்சாரங்களுக்கு நல்லது, வெள்ளைக் குழல் கிரகத்துக்கு, தூக்கிக்கொண்டு போகவும் லேசு. ஆமாங்க, ஆமாங்க, என்றார் தெய்வசிகாமணி. எல்லாம் தெரிந்ததுதான். கீழே தெருவில் ஒரு பஸ் பொறுமையில்லாமல் ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

மங்கலான சமாச்சாரங்கள் என்றதும் அவருக்கு அந்த வித்தை ஞாபகம் வந்தது, அவருடைய பெருமை, குழுவில் அவர் பெயர் நிலைத்ததே அதனால்தான். மிக மங்கலான ஒன்றை நேராகப் பார்த்தால் தெரியாது. கொஞ்சம் தள்ளி, பக்கத்தில் வெறும் இருட்டைப் பார்க்கவேண்டும், அப்போது கண்ணின் ஓரத்தில் அது கோழிக்குஞ்சு மாதிரி மெதுவாக வெளியே வரும். எல்லாரும் செய்கிறார்கள், ஆனால் அவரைப் போல யாராலும் முடியாது. மற்றவர்கள் சலித்துப்போய் விட்டுவிடுகிற வானத்துப் புகைமூட்டங்களை அவர் சாவகாசமாக ஓரக்கண்ணால் பிடித்துச் சுருள் சுருளாகச் சொல்வார். போன வருஷத்திலிருந்து அது இன்னும் கைவந்திருந்தது. ராத்திரி மட்டும் என்றில்லை, பேப்பர் படிக்கையில் எழுத்துக்குக் கொஞ்சம் மேலே பார்த்தால் வரி நன்றாகத் தெரிந்தது, போனில் நம்பரைப் பார்க்க நம்பருக்குப் பக்கத்தில் பார்த்தால் போதும் என்று ஆனது, இத்தனை காலம் பயின்றதில் கண்ணே தேர்ந்துவிட்டது என்று மனசுக்குள் மீசையை முறுக்கிக்கொண்டார். போன வாரம் சாப்பிடும்போது வசந்தாமணி கையைத் தூக்கித் தன் தோட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஏனுங் மாமா, நானும் பாக்கறேன், பேசறப்பெல்லாம் என்ற காதையே பாக்கறீங், அங்க என்ன ஒட்டிட்டிருக்குது?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை புள்ள என்றார். ஒன்றுமில்லைதான். காதைப் பார்த்தால்தான் அவள் முகம் தெரிகிறது. இதை அப்போது அவர் இப்படி ஒரு வாக்கியமாக நினைக்கவில்லை, இப்போது, சுடுகிற சிமெண்டுத் தரையில் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி நிற்கையில், வாக்கியம் முழுசாக வந்து நின்றது. காதைப் பார்த்தால்தான் முகம் தெரிகிறது. பயமாக இருந்தது, வெளியே சொல்ல முடியாத, பல்லைக் கிட்டவைக்கிற பயம்.

வேறு யாருக்காவது என்றால் இவ்வளவு நேரத்துக்கு உடைத்துச் சொல்லியிருப்பார். அவர் தொழிலே அதுதான். பனியன் கம்பெனியில் துணிச் சோதனைப் பிரிவுக்கு மேஸ்திரி, வெளிச்சப் பலகையின் மேல் துணி ஓடும், ஊசிமுனை ஓட்டையும் எண்ணெய்ச் சொட்டும் அவர் வலது கண்ணைத் தாண்டிப் போனதில்லை, போகவே போகாது என்று முதலாளியே வெளிநாட்டுக்காரர்களிடம் அவரைக் காட்டிச் சொல்வார். இடது கண் சின்ன வயசிலிருந்தே மட்டம், அதற்கேற்ற கண்ணாடி போட அவர் மெனக்கெட்டதும் இல்லை, எல்லாச் சுமையையும் வலது கண்ணே தூக்கியது, ஊரில் ஒரே ஒரு நல்ல மாடு உள்ளவன் அதை நம்பி இருப்பது மாதிரி இருந்தார். ஆடி மாசம் ஒரு சரக்கு திரும்பி வந்தது. துணியின் நட்ட நடுவில் ஓட்டை, விரலே போகும் என்றார்கள். அவர் டியூப் லைட்டைக் குறை சொல்லி எல்லாவற்றையும் மாற்றச் சொன்னார், மாற்றினார்கள், அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. இப்போது நினைத்தால், புது லைட்டின் கீழும் துணியின் ஓரங்கள்தான் பளிச்சென்று இருந்தன. அப்பாவுக்கும் இதே வயசில்தான். மில்லில் மிஷின் பார்க்கிற பிட்டர், இரும்பு மாதிரி மனுஷன், முதலில் வலது கண் போனது, கொஞ்ச நாள் கழித்து இடது, விழித்திரையின் நடுப்பாகம் தேய்கிறது என்றார் டாக்டர், முழுக்குருடு ஆகாது, ஓரம் இருக்கும், நடு மட்டும் போய்விடும் என்றார், ஏதோ பெரிய சலுகை தருவது போல. தட்டின் விளிம்பு அப்பாவுக்குத் தெரியும். சோறு தெரியாது. விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "சோறு போட்டாச்சா?" என்று கேட்பார், போட்டு ஆவி பறந்துகொண்டிருக்கும். அந்தக் கேள்வியைக் கேட்டதும் எத்தனையோ நாள் தெய்வசிகாமணி எழுந்து வெளியே போயிருக்கிறார். தினமும் காலையில் சவரம் செய்யும்போது, இடது கண்ணை மூடிக் கண்ணாடியைப் பார்த்துவிடலாம் என்று கை பாதிவரை உயரும். நுரை காய்ந்துவிடும் என்று சொல்லிக் கீழே இறங்கிவிடும்.

"என்னங்க சார், எதுன்னு முடிவு பண்ணீட்டீங்களா?" என்றார் சாமுவேல். அந்தக் கேள்வி அவரை ஒரு கரையில் ஏற்றியது. ஏன், முடிவு சுலபம்தானே. கறுப்புக் குழல். கறுப்புக் குழலில் கறை இருந்தால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். சின்னக் கண்ணாடி இருக்கிறது, நிழல் இருக்கிறது, அப்புறம் இரண்டு கண்ணாடியும் நேர்கோட்டில் நிற்காத கோளாறு என்று ஒன்று இருக்கிறது, அதைத் திருகித் திருகிச் சரிசெய்துகொண்டே ஒரு வருஷம் ஓட்டலாம், ஈரம் படிந்துவிட்டது என்று ஒரு வருஷம், பூச்சு மங்கிவிட்டது என்று ஒரு வருஷம், சாக்குகளுக்குப் பஞ்சமில்லாத குழல். வெள்ளைக் குழல் அப்படியில்லை. அது வீட்டுக்கு வந்தால் ஒவ்வொரு ராத்திரியும் மூன்று காலில் நின்றுகொண்டு, நடுவில் ஒன்றுமில்லாத தன் வெறும் வயிற்றைக் காட்டி, என்னிடத்தில் இல்லை, வேறு எங்கே என்று பார், என்று கேட்கும். "கறுப்பே இருக்கட்டும்னு பாக்கறேன்" என்றார். சொன்னதும் லேசாக இருந்தது, பரீட்சை தள்ளிப்போன பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி. சாமுவேலுக்குச் சந்தோஷம், "அப்பிடின்னா பவர் கூடின ஐபீஸ் ஒண்ணு போட்டுக் காட்டறேன், பகல்ல விழற அந்த நெழலு இதுல சுத்தமாப் போயிரும்" என்று சட்டைப்பையிலிருந்து ஒன்றை எடுத்தார். நிழல் போய்விடும். போய்விட்ட பிறகும் திட்டு அங்கேயே இருந்தால்? "வேண்டாங்க, அதெல்லாம் எதுக்கு" என்று கடுகடுவென்று சொல்லிவிட்டார், சாமுவேலின் கை அப்படியே அந்தரத்தில் நின்றது.

இதற்குள் வசந்தாமணி முறுக்கை முடித்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு எழுந்து வந்திருந்தாள். "நானுந்தான் பாக்கறனே, இத்தன தூரம் வந்தாச்சு" என்று கறுப்புக் குழலில் குனிந்தாள், சேலைத் தலைப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு. பார்த்தவுடனே "அய்யோ" என்று சிரித்தாள். "ஏனுங் மாமா, அந்தாளு வவ்வாலாட்டத் தொங்கறாரு!" எந்த ஆளு என்று கேட்கப் போய், நாக்கைக் கடித்துக்கொண்டார். அவள் அதற்குள் வெள்ளைக் குழலுக்குப் போய்விட்டாள். "இதுல நேரா நிக்கறாரு. செவப்புச் சட்டை. டேங்க் உச்சில நின்னு சுண்ணாம்பு அடிக்கறாரு பாருங், இடுப்புல ஒரு கவுறு மட்டுந்தான், கெரகம், பொண்டாட்டி புள்ளைங்க இருக்கறவரா இருந்தா இப்பிடி நிப்பாரா?" சாமுவேல், "மத்தியானத்துல இருந்தே நிக்கறாருங்க, நானும் பாத்தேன்" என்றார். மத்தியானத்திலிருந்து. இவ்வளவு நேரம் இரண்டு குழலையும் மாற்றி மாற்றி, அழுக்கைக் குறை சொல்லி, கடைக்காரரைத் துடைக்கவிட்டு, அவர் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த அதே இடத்தின் நட்ட நடுவில் ஒரு மனிதன் நின்றுகொண்டிருந்திருக்கிறான், கயிறு கட்டிக்கொண்டு, உயிரோடு. துணியின் ஓட்டை சின்னது, வியாழனின் பட்டை அதைவிடச் சன்னம், இது ஒரு முழு ஆள். "பாத்தீங்கல்ல?" என்றாள் வசந்தாமணி. "பாக்காம என்ன புள்ள" என்றார்.

அவள் நகர்ந்ததும் அவர் வெள்ளைக் குழலில் குனிந்தார். சாம்பல் திட்டு. அதற்குள் யாரும் இல்லை. குழலை ஒரு நூல் அளவு இடப்பக்கம் தள்ளினார், பார்வையைக் காலி வானத்தில் வைத்தார், வைத்ததுதான் தாமதம், ஓரத்தில், சத்தமே இல்லாமல், ஒரு சிவப்பு வந்து நின்றது. ஆமாம், சட்டை. கை மேலும் கீழும் போகிறது. மெதுவாக, பூனையைப் பிடிக்கப் போகிற மாதிரி, பார்வையை அதன் மேல் கொண்டுபோனார். ஆள் இல்லை. தொட்டி இருக்கிறது, ஏணியின் கீழ்ப்பாதி இருக்கிறது, வானம் இருக்கிறது, ஆளை மட்டும் யாரோ வழித்து எடுத்துவிட்டார்கள். மறுபடி தள்ளினார், வந்தான். நேராகப் பார்த்தார், போனான். வந்தான், போனான். எவனைப் பார்க்க நினைக்கிறாரோ அவனே காணாமல் போகிறான், இனிமேல் எல்லாரும் அப்படித்தான், முதலாளி, ஈஸ்வரன், இவள், எல்லார் முகமும் அவர் பார்க்கப் பார்க்கவே காலியாகும், ஓரத்தில் தோடும் தோளும் மட்டும் மிஞ்சும், அவரும் ஒருநாள் தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கேட்பார். நெற்றி வியர்வை ஐபீஸில் ஒட்டியது. ஒன்று மட்டும் இன்னும் பாக்கி இருந்தது. குழல் பழுதா, கண் பழுதா என்று கேட்க இந்த உலகத்தில் ஒரே ஒரு சாட்சிதான் உண்டு, இத்தனை வருஷமாகக் குழலுக்கு முன்னால் எப்போதும் மூடியே வைத்திருந்த அந்த மட்டமான இடது கண். எந்தக் குழலிலும் அவர் அதை வைத்ததே இல்லை. அதிலும் கறை தெரிந்தால் குழல்தான் பழுது என்று ஆகிவிடும், ஆகட்டும், ஆகட்டும் என்று மனசு கெஞ்சியது, உடனே இன்னொன்று குறுக்கே விழுந்தது, அதிலும் தெரிந்தால் அது குழலாகவும் இருக்கலாம், இரண்டு கண்ணும் போனதாகவும் இருக்கலாம். எப்படி இருந்தாலும் இந்த இடத்திலிருந்து நல்ல செய்தியோடு கீழே இறங்க ஒரே ஒரு வழிதான் இருந்தது, இடது கண்ணிலும் கறை தெரியவேண்டும், அது குழலுடையதாகவே இருக்கவேண்டும், மிக ஒடுங்கிய வழி.

வலது கண்ணை மூடினார். அதுவே சிரமமாக இருந்தது, அந்தப் பக்கத்து முகத்துக்குப் பழக்கமில்லை, கன்னம் இழுத்துக்கொண்டு துடித்தது. இடது கண்ணை வைத்தார். முதலில் ஒரே கலங்கல், பால் தெறித்த மாதிரி வெளிச்சம், சரி, இந்தக் கண் எதற்கும் லாயக்கில்லை, விட்டுவிடலாம், என்று நிமிரப் போனவர், குழலின் திருகைத் தொட்டார். கண்ணின் குறையைத் திருகு ஈடுகட்டும் என்பது அவருக்குத் தெரியாததா. கொஞ்சம் திருகினார். கலங்கல் சுருங்கியது. இன்னும் கொஞ்சம். பச்சையாக ஏதோ ஒன்று தென்னையாக மாறியது, ஒரு கோடு ஏணியாயிற்று, பிறகு கடைசிச் சுற்றில், படத்தின் நட்ட நடுவில், எந்தத் திட்டும் இல்லாமல் கழுவிவிட்ட மாதிரி இருந்த இடத்தில், அந்த ஆள் நின்றான். சிவப்புச் சட்டையின் முதுகில் வியர்வை. இடுப்பில் நைந்த மஞ்சள் கயிறு. பிரஷை வாளியில் வைத்துவிட்டு, பாட்டிலைத் தூக்கி, அண்ணாந்து தண்ணீர் குடித்தான், தொண்டை ஏறி இறங்குவது தெரிந்தது. முடித்து வாயைப் புறங்கையால் துடைத்தான். அவன் முகம் தெரிந்தது, மூக்கு, நரைத்த மீசை, வெயிலுக்குச் சுருக்கிய கண், எல்லாம். இவ்வளவு தெளிவான ஒரு முகத்தைப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று என்று அவருக்குத் தெரியவில்லை. அழகாக இருந்தது. அந்த அழகைத் தாங்க முடியாமல் அவருக்கு அழுகை வந்தது, சத்தம் வராமல் தோள் மட்டும் குலுங்கியது. அவர் குழலை விட்டு எழுந்திருக்கவில்லை. எழுந்தால் வலது கண் போய்விட்டதாக ஆகிவிடும், குனிந்திருக்கும்வரை வெறும் பார்த்துக்கொண்டிருத்தல்தான்.

சாமுவேல் பின்னாலிருந்து தயங்கித் தயங்கி, "சார், எதுல கறை இருக்குதுன்னு மட்டும் சொல்லுங்க, அதை எடுத்து வெச்சிட்டுப் புதுப் பெட்டி பிரிச்சுத் தர்றேன், உங்களுக்குத் திருப்தி இல்லாம ஒண்ணும் வேண்டாம்" என்றார். தெய்வசிகாமணி நிமிர்ந்தார். கறுப்புக் குழலையும் வெள்ளைக் குழலையும் பார்த்தார். பாவம், இரண்டையும் எவ்வளவு திட்டியாயிற்று.

"ரெண்டுலயும் இல்லீங்க" என்றார்.

"அப்பறம் இத்தன நேரமா எங்கீங் மாமா இருந்துச்சு?" என்று கேட்டாள் வசந்தாமணி, சிரித்துக்கொண்டேதான், அவர் முகத்தைப் பார்த்து அந்தச் சிரிப்பு மெல்ல நின்றிருக்கவேண்டும், அவளை நேராகப் பார்த்துக்கொண்டிருந்த அவருக்கு அது தெரியவில்லை. கையால் துழாவி அவள் மணிக்கட்டைப் பிடித்து, நிழலில் இருந்த நாற்காலிப் பக்கம் அழைத்துப் போனார்.

"உக்காரு புள்ள, சொல்றேன்" என்றார்.